தோட்டத்துக் குடும்பமும் சில்லறைக் காசும்

எங்கள் பள்ளியின் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு ஆண்டுதோறும் நான் ஒரு கணக்குக் கொடுப்பதுண்டு. பாடநூலில் இடம்பெறாத கணக்கு அது. ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கணவனுக்கு நாளொன்றுக்கு 50 காசு கூலி. மனைவிக்கு 40 காசு. திங்களில் 26 நாள் இருவரும் வேலைக்குச் சென்றால் அக்குடும்பத்தின் வருமானம் எவ்வளவு என்பது முதற் கேள்வி. 23 வெள்ளி 40 காசு என்று பெரும்பாலோர் சரியாகவே எழுதிவிடுவர். கூலியில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டார்கள். இப்போது வருமானம் எவ்வளவு என்பது இரண்டாம் கேள்வி. 18 வெள்ளி 72 காசு. அதுவும் வந்துவிடும். குறைந்துபோன 4 வெள்ளி 68 காசை அந்தக் குடும்பம் எந்தெந்தச் செலவில் குறைத்திருக்கும் என்ற மூன்றாம் கேள்விக்கு வரும்போதுதான் பென்சில்கள் நின்றுவிடும். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வர்.

ஓர் ஆண்டு பின்வரிசையிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, மழை பெய்தால் 26 நாள் வேலை இருக்குமா?" என்று கேட்டாள். அவளுடைய பாட்டி பால்வெட்டுத் தொழிலாளியாக இருந்தவர் என்பதைப் பின்னர் அறிந்தேன். நான் கணக்கு அமைத்தபோது நினைத்துப் பாராத ஒன்றை அச்சிறுமி கேட்டுவிட்டாள். அக்கணக்கை முதன்முதலில் போட்ட அதிகாரிகளும் அதை எந்த அளவுக்கு நினைத்துப் பார்த்தார்கள் என்பது கேட்கத்தக்கதே.

ஆம், கணக்கிலுள்ள எண்கள் என் கற்பனையல்ல. மலாயாத் தோட்டங்களில் நம் முன்னோர் உண்மையிலேயே பெற்ற கூலி அது. குடும்ப வரவு செலவுத் திட்டம் என்று இன்று நாம் மேடையிலும் வகுப்பிலும் பேசுகின்றோமே, அந்தத் திட்டம் தோட்டத் தமிழர் வாழ்வில் எவ்வாறு நுழைந்தது, அதை யார் எழுதினார்கள், அதிலே சில்லறைச் செலவுக்கு எவ்வளவு இடம் இருந்தது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அரசர்களையும் ஆளுநர்களையும் பற்றிய ஏடுகள் நம்மிடம் நிறைய உள. அடுப்படியின் வரலாற்றை எழுதியவர் சிலரே.

1907ஆம் ஆண்டில் தென்னிந்தியத் தொழிலாளர்களைக் கொண்டுவருவதற்கென்று ஒரு நிதி ஏற்படுத்தப்பட்டது. தோட்ட முதலாளிகளிடம் வரி பெற்றுத் தொழிலாளர்களின் கப்பற் செலவை அந்நிதி ஏற்றது. அதனை நிர்வகிக்க இந்தியக் குடியேற்றக் குழு ஒன்றும் அமைந்தது. 1922ஆம் ஆண்டில் இந்தியாவில் குடிபெயர்வுச் சட்டம் வந்த பிறகு, இந்திய அரசின் முகவர் ஒருவர் மலாயாவில் இருந்து தொழிலாளர் நலனைக் கவனிக்கலானார். அதற்கடுத்த ஆண்டில் வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பின்கீழ், குறிப்பிட்ட வட்டாரங்களுக்கு நியாயக் கூலியை வரையறுக்கும் அதிகாரம் அக்குழுவுக்குக் கிட்டியது.

கூலியை வரையறுக்க வேண்டுமாயின், ஒரு தொழிலாளி வாழ்வதற்கு எவ்வளவு தேவை என்று தெரிய வேண்டும் அன்றோ? ஆகவே அதிகாரிகள் பட்டியல் போட்டார்கள். அரிசி இவ்வளவு, பருப்பு இவ்வளவு, எண்ணெய், உப்பு, மிளகாய், ஆண்டுக்கு இத்தனை துணி, வீட்டுச் சாமான், திருவிழாச் செலவு என்று காசு காசாகக் கணக்கிட்டார்கள். முகவர் ஒரு பட்டியலுக்காக வாதாடுவார். தோட்ட முதலாளிகளின் பேராளர்கள் வேறொரு பட்டியலுக்காக வாதாடுவார்கள். இறுதியில், 1920களின் பிற்பகுதியில், போக்குவரத்து வசதியுள்ள வட்டாரங்களில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்றும், பகாங்கு போன்ற எளிதிற் சென்றடைய முடியாத வட்டாரங்களில் முறையே 58 காசு, 46 காசு என்றும் கூலி நிலைபெற்றது.

இங்கே நாம் சற்று நின்று நோக்க வேண்டும். தோட்டத் தமிழ்க் குடும்பத்துக்கென எழுத்தில் வரையப்பட்ட வரவு செலவுத் திட்டங்களுள் காலத்தால் முந்தியவை இவையாகவே இருக்கும். ஆனால் அவற்றை எழுதியது அக்குடும்பங்கள் அல்ல. ஒரு பெண் திங்களுக்கு எத்தனை பலம் பருப்பு வாங்குவாள் என்பதை அவளிடம் கேளாமலே கோலாலம்பூரில் மேசையைச் சுற்றி அமர்ந்தவர்கள் முடிவு செய்தார்கள். பட்டியலில் இருந்த பொருளெல்லாம் தேவை. இல்லாத பொருளெல்லாம் வீண் செலவு என்ற எண்ணம் அன்றைக்கே உருவாகிவிட்டது என்பது என் கருத்து. அவ்வாறு கூறுவது மிகையென்று சிலர் கருதலாம். எனினும், அவசியச் செலவுக்கும் அதிகப்படிச் செலவுக்கும் இடையே கோடு கிழிப்பவன் எவனோ, அவனே வீட்டின் தலைவனாகிறான் என்பதை எந்த இல்லத்தரசியும் ஒப்புவாள்.

மழைநாளின் கதை இதனினும் கடுமையானது. நாட்கூலித் தொழிலாளிக்கு வேலையில்லாத நாளில் கூலியில்லை. விடியற்காலையில் பெரட்டு அடித்து, ஆள் கணக்கு எடுத்த பிறகு வானம் இருண்டால், கையிலே வாளியோடு மரத்தடியில் நிற்க வேண்டியதுதான். பட்டை நனைந்துவிட்டால் பால் மங்கில் இறங்காது, மரத்தில் வழிந்தோடிவிடும். இலையுதிர் காலத்தில் பாலே குறைந்துவிடும். 26 நாள் என்று தாளில் எழுதிய கணக்கு 19 நாளாகவோ 20 நாளாகவோ சுருங்கும் திங்கள்கள் உண்டு. அரிசிக்கு மட்டும் மழைநாள் விடுமுறை கிடையாது.

1930ஆம் ஆண்டில் உலகப் பொருளாதார மந்தம் மலாயாவைத் தாக்கியது. ரப்பர் விலை சரிந்தது. நியாயக் கூலி 20 விழுக்காடு வெட்டப்பட்டு, ஆணுக்கு 40 காசு, பெண்ணுக்கு 32 காசு ஆயிற்று. பல பத்தாயிரம் பேர் தாயகத்துக்குக் கப்பலேற்றப்பட்டனர். என் மாணவர்களுக்கு நான் கொடுக்கும் இரண்டாம் கேள்வி இதுதான். பட்டியல் போட்டு நிர்ணயித்த கூலியைக் குறைத்தபோது பட்டியலில் எந்தப் பொருளை நீக்குவது என்பதைக் குடும்பத் தலைவியின் தலையிலே சுமத்திவிட்டார்கள். அவள் அரிசியை நீக்க முடியாது. உப்பையும் மிளகாயையும் நீக்கினால் சோறு இறங்காது. ஆகவே துணி அடுத்த தீபாவளிக்குத் தள்ளிப்போகும், பருப்பு நீர்த்துப்போகும், ஊரிலிருக்கும் தாய்க்கு அனுப்ப வேண்டிய பணம் நின்றுபோகும்.

1936ஆம் ஆண்டு டிசம்பரில் வி. எஸ். சீனிவாச சாஸ்திரி இந்திய அரசின் சார்பில் மலாயாவுக்கு வந்து தோட்டங்களைப் பார்வையிட்டார். 1937இல் வெளிவந்த அவரது அறிக்கை 50 காசுக் கூலியை மீண்டும் வழங்க வேண்டுமென்று கூறிற்று. கூலி உயர்ந்தது; 1938இல் மறுபடியும் 45 காசாகக் குறைக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூன் திங்களில், உதவி பெற்றுவரும் தொழிலாளர் குடிபெயர்வை இந்திய அரசு தடை செய்தது. ஐந்து காசு என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இரு நாட்டு அரசாங்கங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அளவுக்கு அந்த ஐந்து காசு கனமாக இருந்தது.

இனி, சில்லறைச் செலவுக்கு வருவோம்.

தோட்டத் தமிழன் சிக்கனமற்றவன் என்ற குற்றச்சாட்டு வெள்ளைத் துரைமார் காலந்தொட்டு வந்துகொண்டிருக்கிறது. நம்மவர்களும் அதை மேடைதோறும் ஒப்புவித்திருக்கிறார்கள். கள், வெற்றிலை, சுருட்டு, கூத்து, கோயில் திருவிழா என்று ஐந்து விரலையும் மடக்கிக் காட்டுவர். இவற்றுள் கள்ளைப்பற்றி மட்டும் நான் வாதாட வரவில்லை. அது எத்தனை குடும்பங்களின் அடுப்பை அணைத்தது என்பதைக் கண்ணால் கண்டவன் நான். ஆயினும் ஒன்றை மறத்தல் ஆகாது. கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. உரிமம் பெற்று நடத்தப்பட்டது. அதில் வந்த ஆதாயம் தொழிலாளர் நலனுக்கென்று ஒரு நிதியில் சேர்க்கப்பட்டது. அதாவது, தந்தை குடித்த காசில் ஒரு பகுதி பிள்ளைகளின் பந்தாகவும் விழாப் பந்தலாகவும் திரும்பி வந்தது. கூலி கொடுத்த கையே அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் வழியையும் லயத்துக்கு எதிரில் திறந்துவைத்துவிட்டு, இவனுக்குச் சேமிக்கத் தெரியவில்லை என்று சொல்வது எந்த நீதியில் சேரும்?

இதைத் தொழிலாளர்களே உணர்ந்திருந்தார்கள் என்பதற்கு 1941ஆம் ஆண்டின் கிள்ளான் வேலைநிறுத்தம் சான்று. ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற அப்போராட்டத்தில் கூலி உயர்வு கேட்டார்கள். பிள்ளைகளுக்குக் கல்வி கேட்டார்கள். அவற்றோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றும் கேட்டார்கள். படை வந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, நாதன் நாடு கடத்தப்பட்டார். சிக்கனம் அறியாதவன் என்று இகழப்பட்ட தொழிலாளி, தன் வீட்டுச் செலவில் மிகப் பெரிய ஓட்டையை அடைத்துத் தரும்படி அரசாங்கத்தைக் கேட்டு அடிபட்டான். இச்செய்தியை நம் மாணவர்களுக்கு நாம் போதிய அளவு சொல்லவில்லை.

சடங்குச் செலவைக் கண்டிக்கும் குரல் நம்மிடையே இருந்தே எழுந்தது. 1929ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் ஈ. வெ. ரா. மலாயாவுக்கு வந்து சென்றார். 1932இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. கோ. சாரங்கபாணி 1935இல் தமிழ் முரசைத் தொடங்கினார். கடன் வாங்கி நடத்தும் திருமணம், வட்டிக்கு வாங்கிக் கழிக்கும் நேர்த்திக்கடன் ஆகியவை அக்காலத்து மேடைகளில் கடுமையாகத் தாக்கப்பட்டன. சமயப் பற்றுள்ளவர்க்கு அவ்வியக்கத்தின் எல்லாக் கருத்தும் ஏற்புடையதாகாமற் போகலாம். ஆனால் ஒரு மாலையும் நான்கு சாட்சிகளும் போதும் என்று நடந்த சீர்திருத்தத் திருமணங்கள், மகளைப் பெற்ற எத்தனையோ தொழிலாளிகளைப் பல ஆண்டுக் கடனிலிருந்து காப்பாற்றின என்பதை மறுப்பதற்கில்லை.

பின்னாளில் அதே சாரங்கபாணி, மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டி "தமிழ் எங்கள் உயிர்" என்ற நிதியைத் திரட்டியபோது, சாதாரணத் தொழிலாளர்கள் தம் சில்லறையைக் கொண்டுவந்து கொட்டினார்கள். 1956இல் அங்கு இந்திய இயல் துறை தொடங்கப்பெற்றது. வீட்டுக் கணக்கின்படி பார்த்தால் அதுவும் அதிகப்படிச் செலவுதான்! அதிகாரிகளின் பட்டியலில் மொழிக்கு ஒரு காசும் ஒதுக்கப்படவில்லை.

இடையில் போர் வந்தது. சப்பானியர் வெளியிட்ட தாள்களில் ஒன்றில் வாழைமரப் படம் இருந்தமையால் மக்கள் அதனை வாழைமர நோட்டு என்றார்கள். சயாம் ரயில் பாதைக்கு ஆண்களை இழந்த குடும்பங்கள் ஒருபுறம்; இருந்ததை விற்றுச் சேர்த்த நோட்டுக் கட்டுகளைத் தலையணைக்குள் வைத்துத் தைத்தவர்கள் மறுபுறம். 1945 செப்டம்பரில் ஆங்கிலேயர் திரும்பியதும் அந்நோட்டுகள் செல்லா என்று அறிவிக்கப்பட்டன. மூன்றரை ஆண்டு வயிற்றைக் கட்டிச் சேமித்தவனும் வாங்கியன்றே செலவழித்தவனும் ஒரே நாளில் சமமானார்கள். நம் பாட்டிமார் வங்கியை நம்பாமல் காதிலும் மூக்கிலும் பொன்னை மாட்டிக்கொண்டதை அறியாமை என்று சிரிப்பவர்கள் இந்த நாளை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பொன் செல்லாமற் போகவில்லை.

சேமிப்புக்கு நம்பத்தகுந்த இடம் இருந்தால்தான் சிக்கனத்துக்குப் பொருள் உண்டு. கூட்டுறவுச் சட்டம் 1922இலேயே வந்துவிட்டது. அவ்வாண்டு பதிவு பெற்ற முதற் சங்கம் அஞ்சல் தந்தி ஊழியர்களின் சிக்கன நாணயச் சங்கம். சிக்கனம் என்ற சொல்லே அச்சங்கங்களின் பெயர்ப்பலகை வழியாகத்தான் நம் நாட்டில் பலருக்கு அறிமுகமாயிற்று. 1951இல் ஊழியர் சேமநிதி வந்தது. சிங்கப்பூரில் 1955இல் மத்திய சேமநிதி வந்தது. கைக்கு வருவதற்கு முன்பே பிடித்துக்கொள்ளும் முறை இது. செலவழிக்கும் ஆசை எழுவதற்கு வாய்ப்பே இல்லை. பிடித்துக்கொள்கிறார்களே என்று முணுமுணுத்த தொழிலாளர்கள் ஓய்வு பெற்ற நாளில் வாழ்த்தினார்கள்.

ஆயினும் தோட்டத் தமிழர் தாமே மனமுவந்து, தம் வீட்டுச் செலவைச் சுருக்கிச் செய்த பெருஞ்சேமிப்பு 1960இல்தான் தொடங்கிற்று. வெள்ளையர் தோட்டங்களை விற்றுவிட்டுச் செல்ல, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள். துண்டாடல் என்ற சொல்லைக் கேட்டாலே அன்று லயங்கள் நடுங்கின. வேலை போவதோடு வீடும் போயிற்று. கோயிலும் பள்ளியும் போயின. அந்நிலையில் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டந்தோட்டமாகச் சென்றார். ஒரு பங்கு 100 வெள்ளி. அதைப் பத்துப் பத்து வெள்ளியாகச் செலுத்தலாம். 1961இல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. அதன்பின் வேறு பல தோட்டங்களும் சங்கத்தின் உடைமையாயின.

பத்து வெள்ளி எங்கிருந்து வந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். முதலாளியின் பட்டியலில் அதற்கு இடமில்லை. கடைக்காரரின் ஏட்டிலும் இல்லை. ஒட்டுப்பால் காசிலிருந்து வந்தது. லயத்துக்குப் பின்னால் கட்டிய பசுவின் பாலிலிருந்து வந்தது. சுருட்டு இரண்டு ஒன்றானதிலிருந்து வந்தது. ஒரு புடைவை வாங்காமல் விட்டதிலிருந்து வந்தது. மனைவியும் கணவனும் விளக்கு வெளிச்சத்தில் அமர்ந்து, எதை விடலாம் என்று தாமே கலந்து பேசிய இரவுகளிலிருந்து வந்தது. கோடு கிழிக்கும் உரிமை வீட்டுக்குத் திரும்பி வந்த காலம் அது என்று நான் கருதுகிறேன்.

இதுவரை நூல்வழி அறிந்தவற்றைக் கூறினேன். எங்கள் வீட்டிலேயே நடந்த ஒன்றையும் சொல்லுதல் பொருந்தும்.

என் தாயார் பால்வெட்டுத் தொழிலாளி. எழுதப் படிக்கத் தெரியாதவர். கடைப் பற்று 555 என்ற எண் அச்சிட்ட சிறு புத்தகத்தில் எழுதப்படும். மலேசியாவில் அப்புத்தகத்தை அறியாத ஏழை வீடு இருந்திராது. ஒன்று கடையில் இருக்கும். ஒன்று நம் வீட்டில் இருக்கும். திங்கள் முடிவில் கடைக்காரர் கூட்டிச் சொல்லும் தொகையைச் சம்பளத்திலிருந்து கொடுத்துவிட்டு, அன்று மாலையே மறுபடி பற்றுக்கு அரிசி வாங்குவோம். எனக்குப் பத்து வயதானபோது, 1980ஆம் ஆண்டளவில், ஒரு சம்பள நாளின் இரவில் அம்மா அப்புத்தகத்தை என் கையில் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னார். அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், கருவாடு என்று படித்துக்கொண்டே வந்தேன். இடையிடையே "சில்லறை 40 காசு", "சில்லறை 60 காசு" என்று இருந்தது.

"சில்லறை என்றால் என்ன சாமான் அது?" என்று கேட்டார் அம்மா.

எனக்குத் தெரியவில்லை. சில்லறைகளை மட்டும் தனியே கூட்டச் சொன்னார். 23 வெள்ளி சொச்சம் வந்தது. அந்தத் திங்களின் மொத்தப் பற்று 140 வெள்ளிக்குச் சற்று அதிகம். அம்மா ஒன்றும் பேசவில்லை. அடுப்பிலிருந்து கரித்துண்டு ஒன்றை எடுத்துவந்து கதவின் பின்புறம் சில கோடுகள் இழுத்தார்.

மறுநாள் கடைக்காரரிடம் சென்று, இனிமேல் சில்லறை என்று எழுதக்கூடாது, சாமானின் பெயரை எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டார். அவர் சிரித்தாராம், ஆனால் எழுதினார். அடுத்த திங்கள் புத்தகத்தைப் படித்தபோது எங்கள் வீட்டின் இரகசியங்களெல்லாம் வெளிவந்தன. அப்பாவின் சுருட்டு, தங்கையின் தலை ஊசி, விருந்தாளிக்கு வாங்கிய சோடா, எல்லாவற்றுக்கும் மேலாக நான் பள்ளி விட்டு வரும் வழியில் அம்மாவின் பெயரைச் சொல்லி வாங்கித் தின்ற ஐஸ் கட்டிகள். நானே படித்து நானே அகப்பட்டுக்கொண்டேன். அம்மா அடிக்கவில்லை. வாரத்துக்கு ஒரு ஐஸ் கட்டி என்று வரையறுத்தார். அப்பாவின் சுருட்டுக்கு அவர் வரையறை செய்யவில்லை; புத்தகத்தை அப்பாவின் எதிரில் வைத்து என்னைப் படிக்கச் சொன்னார், அவ்வளவே. சுருட்டு தானாகக் குறைந்தது.

மிச்சமான காசை அம்மா கூட்டில் போட்டார். கூட்டு என்றால் இளைய தலைமுறையினர்க்குச் சொல்ல வேண்டியிருக்கும். இருபது பேர் சேர்ந்து திங்கள்தோறும் ஒரு தொகை கட்டுவர். முறைவைத்து ஒருவர் மொத்தத்தையும் எடுத்துக்கொள்வர். நம்பிக்கை ஒன்றே அதற்கு முதல். இந்நாட்டுச் சட்டத்திலே தமிழ்ச் சொல் ஒன்று தலைப்பாகவே ஏறியிருக்கிறது என்றால் அது இந்தக் கூட்டுதான்: 1971ஆம் ஆண்டின் கூட்டு நிதித் தடைச் சட்டம். பெருமைப்படுவதா நாணுவதா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. சிங்கப்பூர் அதே ஆண்டில் சீட்டு நிதிச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது.

எங்கள் அம்மா எட்டுத் திங்கள் கட்டினார். திங்களுக்கு 20 வெள்ளி. நான் இடைநிலைப் பள்ளிக்குப் போகும்போது எடுப்பதாக எண்ணம். ஒன்பதாம் திங்களில் கூட்டை நடத்தியவர் இரவோடு இரவாகக் குடும்பத்தோடு போய்விட்டார். சட்டம் தடுத்திருந்த ஒன்றில் சேர்ந்துவிட்டோமே என்ற அச்சத்தால் பெண்களில் ஒருவரும் காவல் நிலையத்துக்குச் செல்லவில்லை. 160 வெள்ளி. அதாவது, என் ஐஸ் கட்டிகளும் அப்பாவின் சுருட்டுகளும் தங்கையின் தலை ஊசிகளும் வேறொருவருடைய பெட்டியில் ஏறிச் சென்றுவிட்டன. அன்றிரவு அம்மா அழுததை நான் கேட்டேன். அவர் அழுது நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

அதன்பின் அவர் செய்ததுதான் எனக்கு வியப்பு. சிக்கனத்தால் என்ன பயன் என்று கைவிட்டுவிட அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. அவர் என்னை அழைத்துக்கொண்டு பட்டணத்துக்குச் சென்று என் பெயரில் தேசிய சேமிப்பு வங்கியில் ஒரு புத்தகம் எடுத்தார். 1974 வரை அஞ்சலகச் சேமிப்பு வங்கியாக இருந்ததே, அதுதான். "இதில் நீ எழுத்துப் பார்த்துக்கொள்" என்றார். கைரேகை வைப்பவருக்குக் கூட்டும் ஒன்றுதான், வங்கியும் ஒன்றுதான். வீட்டில் எழுத்து அறிந்த ஒருவன் வந்துவிட்டான் என்பதே அவர் கண்ட வேறுபாடு. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு நான் சென்றபோது காலணியும் பெட்டியும் அந்தப் புத்தகத்திலிருந்து வந்தன.

பயிற்சிக் கல்லூரியில் சிக்கனத்தைக் குணநலப் பாடமாகப் போதிக்கக் கற்றுத் தந்தார்கள். எறும்பு வந்தது, தேனீ வந்தது. எனக்கு அப்பாடம் ஒட்டவில்லை. எறும்புக்குக் கூலி நிர்ணயக் குழு இல்லை. மழைநாளில் அதன் பெயரை யாரும் பெரட்டில் அடிப்பதில்லை. சேமிக்க இயலாதவனைச் சேமிக்கத் தெரியாதவன் என்று பிள்ளைகள் மனத்தில் பதியவைப்பது கொடுமை. அதே வேளையில், வருமானம் குறைவு என்பதனால் கணக்கே வேண்டாம் என்பதும் தவறு. குறைந்த வருமானத்தில்தான் 23 வெள்ளிச் சில்லறை ஒரு பிள்ளையின் படிப்பாக மாறுகிறது.

காலம் மாறிவிட்டது. தோட்டங்கள் பல வீட்டுமனைகளாயின. பால்வெட்டு பெரும்பாலும் செம்பனைக்கு வழிவிட்டது. 2008 ஏப்ரல் முதல் ஒரு காசு நாணயத்துக்கே கடைக்கணக்கில் வேலையில்லாமற் போயிற்று. ஐந்து காசுக்கு முழுமையாக்கிக் கொள்கிறார்கள். 2013இல் தீபகற்ப மலேசியாவில் 900 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளமாயிற்று. 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியானது. 2019இல் ஊழியர் சேமநிதி வாரியமும் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வு மையமும் இணைந்து, "பெலாஞ்சாவான்கூ" என்ற குடும்பச் செலவு வழிகாட்டியை வெளியிட்டன. கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் ஒரு குடும்பம் ஓரளவு நல்ல வாழ்வு வாழ எவ்வளவு தேவை என்று அது பட்டியலிடுகிறது. உணவும் வீடும் மட்டுமல்லாமல், உற்றார் உறவினரோடு பழகுவதற்கான செலவும் சேமிப்பும் அதில் தனித்தனி இனங்களாக இடம்பெற்றுள்ளன. 1920களின் பட்டியலையும் இதனையும் அருகருகே வைத்து மாணவர்கள் ஒப்பிட்டால், எத்தனையோ சொற்பொழிவுகள் கற்பிக்காததை அவர்கள் கற்றுக்கொள்வர். நம் உயர்நிலை மாணவர்களுள் யாரேனும் இதனை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்ளலாம்.

சென்ற ஆண்டு என் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு மூன்றாம் கேள்வியை மாற்றிவிட்டேன். தத்தம் வீட்டில் ஒரு வாரத்துக்கான வரவு செலவை எழுதிவரச் சொன்னேன். சம்பளத் தொகையை எழுத வேண்டாம், செலவு மட்டும் போதும் என்றேன். பலர் எழுதிவரவில்லை. சிலர் அழகாக அச்சடித்துக் கொண்டுவந்தார்கள். பெற்றோரின் கைவண்ணம் என்பது தெரிந்தது. ஒரு மாணவன் மட்டும் பழைய குறிப்பேட்டின் கிழித்த தாளில் கொண்டுவந்தான். அரிசி, கோழி, பேருந்து, மின்கட்டணம், கைப்பேசிக்குப் பணம் ஏற்றியது ஆகியவற்றுக்குக் கீழே "சில்லறை 31 வெள்ளி" என்று இருந்தது. அதன்மேல் ஒரு கோடு இழுத்து அடித்து, பக்கத்தில் நெருக்கி நெருக்கி ஒவ்வொன்றின் பெயரும் எழுதப்பட்டிருந்தது.

"இதை யார் எழுதியது?" என்றேன்.

"அம்மா சொன்னாங்க, நான் எழுதினேன் ஐயா" என்றான்.

அத்தாளில் கூட்டலில் இரண்டு வெள்ளி பிழை இருந்தது. அதைத் திருத்தி, கையொப்பமிட்டு, அவன் தாயாரிடமே திரும்பக் கொடுக்கும்படி சொன்னேன்.